வேல்ஸ் என்று சொல்லிவிட்டுப் போன ஆறு நாட்கள்

எங்கள் சனத்துக்கு நாடு பார்க்கத் தெரியாது, ஆட்களைப் பார்க்கத்தான் தெரியும் என்று என் கணவர் அடிக்கடி சொல்லுவார். அவர் சொல்லுகிற பலவற்றுக்கு நான் காது கொடுப்பதில்லை. இதற்கு மட்டும் என்னிடம் மறுபேச்சு இருக்கவில்லை. ஹொலண்டில் பதினொரு வருடம் இருந்தோம். அங்கே எனக்குத் தெரிந்ததெல்லாம் வேலை செய்த காளான் பண்ணை, டச்சு படிப்பித்த வகுப்பு, நகரசபை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், தமிழ்க் கடை, கலியாண மண்டபம், அக்கா வீடு. பிறகு பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று லண்டனுக்கு வந்து வெம்பிளியில் குடியேறினோம். அவர் பஸ் ஓட்டினார். நான் ஓர் ஆரம்பப் பள்ளிச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தேன். இருபது வருடம் ஓடிவிட்டது.

போன வருடம் ஓகஸ்ட் மாதம், முதல் முறையாக, ஹொலண்டைச் சுற்றிப் பார்க்கவென்று நாங்கள் இருவரும் போனோம். அதை நான் அக்காவிடம் மறைத்தேன். அக்கா இப்போது இல்லை. அந்த ஆறு நாட்களை நினைக்காமல் எனக்கு ஒரு நாளும் கழிவதில்லை. எங்காவது எழுதி வைத்தால் மனம் கொஞ்சம் ஆறுமோ என்று பார்க்கிறேன்.

ஏன் மறைத்தாய் என்று வேறு ஆட்கள் கேட்கலாம். எங்கள் ஆட்கள் கேட்க மாட்டார்கள். ஹொலண்டில் ஒரு வீட்டுக்கு மட்டும் போய் வருவது என்று ஒன்று எங்களுக்கு இல்லை. அக்கா வீட்டுக்குப் போனால், காலமாகிவிட்ட அத்தானின் தம்பி வீட்டுக்குப் போக வேண்டும். அங்கே போனால், பழைய மாடிக் குடியிருப்பில் பக்கத்துக் கதவில் இருந்த சினேகிதி வீட்டுக்குப் போகாமல் திரும்ப முடியாது. ஒவ்வொரு வீட்டிலும் சாப்பிட வேண்டும். சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தோம் என்று சொன்னால் முகம் சுருங்கும். ஒரு வீட்டை விட்டுவிட்டாலோ, "வந்தவையாம், எங்கட வாசலை மிதிக்கேல்லை" என்று அடுத்த கலியாண வீடு வரைக்கும் கதை ஓடும். ஒரு முறை அப்படி நேரமில்லாமல் ஒரு வீட்டைத் தவறவிட்டோம். அந்தக் குடும்பம் என் மகளின் கலியாணத்துக்கு வரவில்லை. இதையெல்லாம் விடப் பெரிய குற்றம், கூடப் பிறந்தவள் இருக்கிற நாட்டில் போய் ஹோட்டலில் தங்குவது. அதற்கு மன்னிப்பே கிடையாது.

அக்கா எனக்கு ஆறு வயது மூத்தவள். என்னை ஹொலண்டுக்கு எடுப்பித்தவள் அவள்தான். அடுத்தடுத்த தெருவில் இருந்தோம். ஒரு மிதிவெடியில் இருந்து என்னைக் காப்பாற்றியவள் போல என் மேல் அவளுக்கு ஓர் உரிமை. என் கறியில் உப்பு, என் பிள்ளைகளின் தலைமயிர், என் வாசல் திரைச்சீலையின் நிறம், எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரு தீர்ப்பு இருக்கும். நாங்கள் லண்டனுக்குப் போகிறோம் என்றபோது மூன்று கிழமை என்னோடு கதைக்கவில்லை. கப்பலுக்குப் புறப்பட்ட அன்று பெரிய வாளி நிறையப் புளிச்சாதம் கட்டிக்கொண்டு வந்து காருக்குள் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனாள். அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தொலைபேசியில் வருவாள். ஐம்பத்தெட்டு வயதிலும் நான் அவளுக்குச் சின்னவள்தான்.

என் கணவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்த பிறகு வேலையை விட்டார். வீட்டில் இருந்து கைபேசியில் ஹொலண்டின் ஆறுகளையும் காடுகளையும் பார்க்கத் தொடங்கினார். தாதிமார் வேகமாக நடக்க வேண்டாம் என்று சொன்ன மனுசனுக்கு ஊர் சுற்றுகிற ஆசை பிடித்துவிட்டது. "பதினொரு வருசம் அந்த நாட்டுத் தண்ணியைக் குடிச்சனாங்கள்," என்றார் ஒரு நாள். "ஒரு ஆத்தங்கரையில ஆறுதலா ஒரு மணித்தியாலம் இருந்தனாங்களோ, சொல்லும்?" எனக்கும் அது உறைத்தது. பள்ளி விடுமுறையில் போகலாம் என்றேன். அக்காவுக்குச் சொல்லிவிட்டு, கடைசி நாள் அங்கே நின்றுவிட்டு வரலாம் என்று அவர் சொன்னார். நான் ஒரேயடியாக மறுத்தேன். அக்காவுக்குச் சொன்னால் அன்று மாலையே அரை ஹொலண்டுக்குத் தெரிந்துவிடும். பிறகு ஆறு நாளும் இடியப்பமும் கோழிக் கறியும்தான் பார்ப்போம், ஆற்றைப் பார்க்க மாட்டோம். அதோடு, உண்மையைச் சொன்னால், என் வாழ்க்கையில் ஒரு கிழமையாவது யாரும் எனக்குப் புத்தி சொல்லாமல் இருக்க வேண்டும் போல இருந்தது.

எங்கே போவது என்பதை நான்தான் தீர்மானித்தேன். அவர் எழுதி வைத்திருந்த இடங்களில் தமிழ்க் கடை இருக்கிற ஊர்களை முதலில் வெட்டினேன். பிறகு கோயில் இருக்கிற ஊர்களை. பிறகு தமிழ்க் கலியாணம் நடக்கிற மண்டபம் உள்ள ஊர்களை. காற்றாலையும் துலிப் தோட்டமும் போயே போய்விட்டன, லண்டனில் இருந்து விருந்தாளி வந்தால் எங்கள் ஆட்கள் முதலில் கூட்டிக்கொண்டு போகிற இடம் அதுதான். மிச்சம் இருந்தவை யாருக்கும் தெரியாத சின்ன ஊர்களும் காடும் சதுப்பும். சுற்றுலாக்காரர் எவரும் இப்படி ஊர் தெரிவு செய்திருக்க மாட்டார்கள்.

யாராவது கேட்டால் வேல்ஸுக்குப் போகிறோம் என்று சொல்லுவது என்று முடிவாயிற்று. லண்டனிலேயே கோலியர்ஸ் வுட்டில் இருக்கிற மகளுக்கு மட்டும் உண்மை தெரியும். பேரப்பிள்ளையின் வாய்க்கு உத்தரவாதம் இல்லை என்பதால் அவனுக்கும் வேல்ஸ்தான். சனிக்கிழமை காரில் ஹாரிச் துறைமுகத்துக்குப் போய்க் கப்பல் ஏறினோம். டிக்கியில் ரைஸ் குக்கர், பருப்பு, கருவாட்டுச் சம்பல், ஒரு பிளாஸ்க். திருட்டுப் பயணத்திலும் சோறு இல்லாமல் எங்களுக்கு ஆகாது.

முதலில் போனது சீரிக்சே. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற தீவுப் பக்கத்தில் ஒரு பழைய துறைமுக ஊர். அங்கே கட்டி முடிக்காமல் விட்ட ஒரு மொட்டைக் கோபுரம் இருக்கிறது. அதன் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, எங்கள் நிறத்தில் ஒரு குடும்பம் வந்தது. அந்த அம்மா நெற்றியில் பொட்டு. நான் கணவரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கோபுரத்துக்குப் பின்னால் ஓடினேன். அந்த வயதில், அந்த இதயத்தோடு, அவரும் ஓடினார். அவர்கள் பேசிக்கொண்டு கடந்து போனபோதுதான் தெரிந்தது, தமிழர் இல்லை, சுரினாமில் இருந்து வந்த இந்திய வம்சாவளிக்காரர்கள். இருவரும் சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தோம். அப்படி ஒன்றாகச் சிரித்து எத்தனை வருடம் என்று அவர் கேட்டார். எனக்குக் கணக்குத் தெரியவில்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை, ஆனால் அக்காவின் அழைப்பு வரவில்லை, தப்பினேன் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை பீஸ்பொஸ். ஆறுகள் சேர்ந்து கடலுக்கு வழி தேடுகிற இடம், முழுவதும் ஓடையும் வில்லோ மரமும் நாணலும். சின்ன மின்சாரப் படகு ஒன்றை எடுத்துக்கொண்டு உள்ளே போனோம். மரத்தைப் பல்லால் கடித்து வீழ்த்துகிற பீவர் என்ற பிராணியைப் பார்க்கலாம் என்று படகு கொடுத்த பெண் சொல்லியிருந்தாள். என் கணவர் ஒரு மணித்தியாலம் மூச்சு விடாமல் காத்திருந்தார். பீவர் வரவில்லை. அது கடித்துத் தின்ற மரக்கட்டை ஒன்றைத்தான் கண்டோம், பென்சில் சீவியது போல இருந்தது. அதையே அவர் ஐந்தாறு படம் எடுத்தார். நான் தண்ணீருக்குள் கையை விட்டுக்கொண்டு இருந்தேன். யாருக்கும் தேத்தண்ணி ஊற்ற வேண்டியதில்லை, யாருடைய பிள்ளைக்கு எப்போது கலியாணம் என்று கேட்க வேண்டியதில்லை. நான் சந்தோசமாக இருந்தேன். அதை மறைத்து எழுதினால் மிச்சம் எழுதுவதில் அர்த்தம் இல்லை.

செவ்வாய்க்கிழமை கிழக்கே போகிற வழியில் போஸ்பாங்க் என்ற இடத்தில் நின்றோம். தட்டையான நாடு என்று நாங்கள் பதினொரு வருடம் நம்பியிருந்த ஹொலண்டில் அங்கே மேடும் பள்ளமுமாக மலைகள் இருக்கின்றன. பெரிய மலை இல்லை, ஏறினால் மூச்சு வாங்குகிற அளவு. மலை முழுக்க ஹெதர் என்கிற சின்னப் பற்றைச் செடி, அந்த மாதத்தில் எல்லாம் ஒரே நேரத்தில் பூத்து ஊதா நிறமாகக் கிடந்தது. மேலே நின்று பார்த்தேன், கண் எட்டிய தூரம் வரைக்கும் ஊதா. என் கணவர் கைபேசியில் வரைபடத்தைப் பார்த்தார். பிறகு, அக்காவின் ஊர் இங்கிருந்து அரை மணித்தியாலம்தான் என்றார். நாங்களும் பதினொரு வருடம் இருந்த ஊர். அரை மணித்தியாலத்தில் இப்படி ஓர் இடம் இருக்கிறது என்று எங்களுக்கும் தெரியாது, அக்காவுக்கும் தெரியாது. ஒரு படம் எடுத்தேன். நான் இதுவரை எடுத்ததிலேயே நல்ல படம் அது.

அன்று பின்னேரம் சுட்ஃபன் என்ற ஊரில் தங்கினோம். ஐசல் ஆற்றங்கரையில் பழைய மதிலும் கோபுரங்களுமாக ஓர் ஊர். அங்கே ஒரு தேவாலயத்துக்குள் நூலகம் இருக்கிறது, புத்தகங்களைச் சங்கிலி போட்டு மேசையோடு கட்டி வைத்திருக்கிறார்கள். நாங்கள் தங்கிய வீட்டுக்காரி என் டச்சைக் கேட்டு ஆச்சரியப்பட்டாள். பதினொரு வருடம் இந்த நாட்டில் இருந்தேன் என்றேன். இப்போதும் யாரும் சொந்தக்காரர் இருக்கிறார்களா என்று சாதாரணமாகக் கேட்டாள். இல்லை என்றேன். அவளிடம் அப்படிச் சொல்ல வேண்டிய தேவை எனக்கு என்ன இருந்தது என்று இப்போதும் விளங்கவில்லை. பொய் பழகிவிட்டால் தானாகவே வருகிறது.

புதன்கிழமை காலை இரண்டு சைக்கிள் வாடகைக்கு எடுத்தோம், அவருக்கு மோட்டார் வைத்தது. ஊரின் தெற்குப் பக்கத்தால், ஒரு பெரிய ஆஸ்பத்திரியைக் கடந்து, வயலும் மாடுகளுமான பாதையில் புரொங்க்ஹோர்ஸ்டுக்குப் போனோம். இரண்டு தெருவும் நாலைந்து சந்தும்தான், ஆனால் ஒரு காலத்தில் நகரம் என்ற பட்டம் கிடைத்ததாம், அதை இன்னும் விடாமல் வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து கொஞ்சம் தள்ளி ஆற்றைக் கடக்கிற சின்னப் படகுத்துறை. அதன் பக்கத்தில் ஒரு வாங்கில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. அக்கா. ஞாயிற்றுக்கிழமை தவிர வேறு நாளில் அவள் அழைப்பு எடுப்பதில்லை.  யாரோ கண்டுவிட்டு அவளுக்குச் சொல்லிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். என் கணவர் எடும் என்று சைகை காட்டினார்.

"எங்கை நிக்கிறாய்?" என்றாள்.

"வேல்ஸிலை அக்கா. இவருக்குக் கொஞ்சம் மாத்தமா இருக்கும் எண்டு வந்தனாங்கள்."

வேல்ஸிலையோ என்று இழுத்தாள். நான் பயந்துபோய் நானாகவே அளக்கத் தொடங்கினேன். எங்கு பார்த்தாலும் மலை, மலை முழுக்கச் செம்மறி, நல்ல காற்று என்றேன். என் முன்னால் ஆறும், அதற்கு அப்பால் தட்டையான புல்வெளியும், புல்வெளியில் மாடும் இருந்தன. அவள் பக்கத்தில் ஏதோ வண்டி உருளுகிற சத்தமும் தட்டு மூடிகள் முட்டுகிற சத்தமும் கேட்டது. எங்கள் பள்ளியில் சாப்பாட்டு வண்டி தள்ளும்போது கேட்கிற அதே சத்தம். தினமும் கேட்கிற எனக்கு அது என்னவென்று தெரிந்திருக்க வேண்டும். சமையலோ அக்கா என்று கேட்டேன். ஓம், மருமகன் ஏதோ சமைக்கிறான் என்றாள்.

"எப்ப இங்கால வாறாய்?" என்று கேட்டாள்.

"பொங்கலுக்குப் பிறகு பாப்பம் அக்கா."

"சரி. அவசரமில்லை. நீ ஒரு நாளும் ஒரு இடமும் போனதில்லை, ஆறுதலாச் சுத்திப் பார். ஒண்டையும் யோசியாதை." பிறகு, "ஒரு படம் அனுப்பு, நானும் பாப்பம்," என்றாள்.

என்ன சாப்பிட்டாய் என்று கேட்கவில்லை. அவருக்கு மாத்திரை ஒழுங்காகக் கொடுக்கிறாயா என்று அதட்டவில்லை. அக்காவுக்கு வயது போகப் போகக் குணம் வந்துவிட்டது என்று கணவரிடம் சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. முதல் நாள் போஸ்பாங்கில் எடுத்த அந்தப் படத்தை அனுப்பினேன். கீழே, "வேல்ஸ் மலை" என்று எழுதினேன். ஒரு இதயப் படம் பதிலுக்கு வந்தது.

வியாழக்கிழமை திரும்பினோம். பெருந்தெருவில் அக்காவின் ஊருக்குத் திரும்புகிற பலகை வந்தபோது என் கணவர் வேகத்தைக் குறைத்தார். "இஞ்சரும், ஒருக்கா எட்டிப் பாத்திட்டுப் போவமே? ஒருத்தருக்கும் சொல்லாமல், அரை மணித்தியாலம்," என்றார். கப்பல் தவறிப்போகும் என்றேன். தவறாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இவ்வளவு நாள் மறைத்துவிட்டு இப்போது வாசலில் போய் நின்றால், நேற்று வேல்ஸில் நின்றவள் எப்படி இன்று இங்கே என்று கேட்பாளே, அந்த வெட்கம்தான். அவர் வேகத்தைக் கூட்டி நேரே ஓட்டினார்.  ஹூக் ஒஃப் ஹொலண்ட் துறைமுகத்தில் மூன்று மணித்தியாலம் காத்திருந்தோம்.

அதற்குப் பிறகும் அக்கா ஞாயிறு தோறும் எடுத்தாள். குரல் இளைத்திருந்தது. வயிற்றில் ஏதோ கோளாறு, மருந்து எடுக்கிறேன் என்றாள். ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை அவளுடைய மகள் எடுத்தாள். அக்காவுக்கு ஒரே பிள்ளை அவள். கணையத்தில் புற்றுநோய், பரவிவிட்டது, சித்தி வந்து பாருங்கோ என்றாள். சொல்லி முடிக்க முதல் அழுதுவிட்டாள். எங்கள் வீடுகளில் நோய் வருத்தத்தைச் சொல்லுவதில்லை. தூரத்தில் இருக்கிறவர்கள் யோசிப்பார்கள் என்று கடைசி வரைக்கும் மூடி வைப்பார்கள். நானும் அப்படித்தான், இவருக்கு ஸ்டென்ட் வைத்ததை அவளுக்கு ஒரு மாதம் கழித்துத்தான் சொன்னேன். ஆகவே கோபப்படவும் எனக்கு வாய் இல்லை.

அடுத்த நாள் விமானத்தில் போனேன். முன் அறையில் ஆஸ்பத்திரிக் கட்டில் போட்டு அக்காவைப் படுக்க வைத்திருந்தார்கள். கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் ஒரு பெரிய படம் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. ஊதா நிற மலை. நான் அனுப்பிய படம். அக்கா கண் திறந்தாள். அந்தக் கட்டிலில் எங்கள் அக்காவின் பாதிதான் இருந்தது.

"வந்திட்டியே," என்றாள். "ஏன் இவ்வளவு தூரம் மினக்கெட்டு வந்தனீ."

அப்போது சொல்லியிருக்கலாம். அறையில் நாங்கள் இருவரும் மட்டும்தான் இருந்தோம். அவள் திட்டியிருப்பாள், திட்டுவதற்கு அவளுக்கு இன்னும் கொஞ்சம் பலம் இருந்தது. நான் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு, ஒன்றும் பேசாதீங்கோ அக்கா என்றேன். மூன்றாம் நாள் விடியற்காலை போய்விட்டாள்.

அந்த நாட்டில் செத்த வீட்டில் கோப்பியும் கேக்கும் கொடுப்பார்கள். எங்கள் ஆட்கள் அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்கள். நான் பயந்து ஒளித்த அத்தனை முகங்களும் வந்திருந்தன. மகளின் கலியாணத்துக்கு வராத குடும்பமும் வந்து என்னைக் கட்டிப்பிடித்து அழுதது. எல்லோரும் ஒரே வசனத்தைத்தான் சொன்னார்கள். பாவம், தூரத்தில் இருந்தபடியால் உனக்கு ஒன்றும் தெரியாமல் போய்விட்டது. நான் தலையாட்டினேன். என் கணவர் பக்கத்தில் நின்று நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுக்கு முதல் நாள், படையலுக்கு மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தோம், நானும் அக்காவின் மகளும். அவள்தான் தொடங்கினாள். அம்மாவுக்கு வருத்தம் இன்னதென்று சொன்னது ஓகஸ்டில், ஒரு புதன்கிழமை காலை என்றாள். தங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் நெடுநாள் காத்திருக்க வேண்டும் என்று சுட்ஃபன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, மூன்று நாள் வைத்துப் பரிசோதித்தார்களாம். டொக்டர் சொல்லிவிட்டுப் போனதும் அம்மா அழவில்லை, போனைத் தா, தங்கச்சியோடு கதைக்க வேண்டும் என்று கேட்டாளாம்.

"உங்களைக் கூப்பிடத்தான் எடுத்தவ," என்றாள். "நீங்கள் வேல்ஸில எண்டதும் சொல்லாமல் விட்டிட்டா. அவள் முதல் தரமா ஹொலிடே போயிருக்கிறாள், அவ்வளவு தூரத்தில இருந்து அழுதுகொண்டு வருவாள், குழப்பக்கூடாது எண்டு சொன்னவ. கிட்ட நிண்டிருந்தா வரச் சொல்லியிருப்பன் எண்டும் சொன்னவ."

நான் கத்தியைக் கீழே வைத்தேன். அன்று காலை நாங்கள் சைக்கிளில் கடந்து போன கட்டடத்துக்குள் அக்கா இருந்திருக்கிறாள். பெல் அடித்துக்கொண்டு, இவரோடு பகிடி விட்டுக்கொண்டு போனேன். திரும்பி வந்தபோதும் அதே வழிதான்.

அவள் என்னைப் பார்க்காமல் சொல்லிக்கொண்டே போனாள். நான் அனுப்பிய படத்தை அம்மா அன்றைக்கே பெரிதாக அடித்துத் தரச் சொன்னாளாம். வீட்டுக்கு வந்து பராமரித்த டச்சுத் தாதி அதைப் பார்த்துவிட்டு, இது போஸ்பாங்க் மாதிரி இருக்கிறதே என்றாளாம். அம்மா விடவில்லையாம். இல்லை, இது வேல்ஸ், என் தங்கச்சி எடுத்தது என்று அந்தப் படுக்கையில் கிடந்தும் வாதாடினாளாம். எழும்பி நடக்க முடிந்தால் தங்கச்சியோடு அந்த மலைக்கு ஒருக்கால் போக வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் சொன்னாளாம். கூட்டிக்கொண்டு போகிறேன் என்று மகளும் சொல்லியிருக்கிறாள். ஆனால் விமானத்தில் ஏற்ற முடியாது என்று டொக்டர் மறித்துவிட்டார்.

"நீங்கள் கிட்ட இருந்திருந்தா எல்லாம் வேற மாதிரி இருந்திருக்கும், என்ன சித்தி?"

"ஓம் பிள்ளை," என்றேன். "தூரம்தானே."

அப்படியும் சொன்னேன். வாயில் இருந்து வந்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. அன்று பிற்பகல் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். லண்டனுக்குத் திரும்பிய பிறகும் அழுகை வந்தது, பள்ளியில் சாப்பாட்டு வண்டி தள்ளுகிறபோதெல்லாம் வந்தது. மேற்பார்வையாளர் என்னைப் பாத்திரம் கழுவுகிற பக்கத்துக்கு மாற்றினார். சொல்லிவிடும், பாரம் குறையும் என்று என் கணவர் சொன்னார். யாருக்குப் பாரம் குறையும், அந்தப் பிள்ளைக்கா என்று அவர் மீது பாய்ந்தேன். அவர் ஒரு நாளும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

போன மாதம் அக்காவின் மகள் எடுத்தாள். அம்மா போய் ஒரு வருடம் முடிகிற ஆட்டைத் திவசத்துக்கு முதல் அந்த மலையைப் போய்ப் பார்க்க வேண்டும் என்றாள். அம்மாவுக்குத்தான் முடியவில்லை, நான் என்றாலும் அங்கே போய் நிற்க வேண்டும், பூ பூக்கிற ஓகஸ்டில் வருகிறேன், சித்தியும் என்னோடு வர வேண்டும் என்றாள். லீவு எடுத்துவிட்டாளாம். விமான டிக்கெட் போடுவதற்காகக் கணினி முன்னால் இருந்துகொண்டுதான் கதைத்தாள்.

"வேல்ஸில எந்த இடம் சித்தி? பேரைச் சொல்லுங்கோ."

ஒரு பெயர் சொல்லியிருக்கலாம். வேல்ஸில் மலைக்குப் பஞ்சமா. அவளைக் கூட்டிக்கொண்டு போய் ஏதாவது ஒரு மலையில் நிறுத்தி, இதுதான் என்று காட்டியிருந்தால் அவள் நம்பியிருப்பாள், தாயைப் போலவே நம்பியிருப்பாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"போஸ்பாங்க்," என்றேன்.

அவள் பிறந்து வளர்ந்த நாடு. அந்தப் பெயரை விளங்கப்படுத்தத் தேவையில்லை. சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, இன்னொரு தரம் கேட்டாள். இன்னொரு தரம் சொன்னேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன், கப்பல், சைக்கிள், படகுத்துறை, சுட்ஃபன், எல்லாவற்றையும்.  

"அரை மணித்தியாலம்," என்றாள் கடைசியில். "அம்மாவை வீல்செயாரில வைச்சுக் கூட்டிக்கொண்டு போயிருப்பன், சித்தி. ஒவ்வொரு நாளும் கூட்டிக்கொண்டு போயிருப்பன்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. நான் ஓம் என்றேன்.